கேட்டுச் சொல்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாக அத்தான் எழுதியிருந்தார். தலையில் சின்னதாக ரத்தம் கட்டியிருந்தது, கரைந்துவிட்டது, பேச்சு தெளிவாக இருக்கிறது, இடது கை மட்டும் கொஞ்சம் மரத்தாற்போல் இருக்கிறது என்று விவரமாகச் சொல்லியிருந்தார். படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். ஸ்டுடியோவில் இரண்டு படத்து வேலை ஒன்றாக வந்து விழுந்துவிட்டது. மாஸ்டரிடம் லீவு கேட்டேன். "அதான் உங்க அக்கா பொழைச்சுட்டாங்களே, இப்ப போய் என்ன பண்ணப் போறே?" என்றார். அவர் அப்படித்தான். வாய்தான் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வேளை தவறாமல் மருந்து சாப்பிடு.

இப்போது என் சமாசாரம். இத்தனை வருஷம் மாஸ்டரின் குழுவில் வயலின் வாசித்து, அவருடைய மெட்டுகளை எல்லாருக்கும் பிரித்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், முதல் முறையாக என் பெயரில் ஒரு பாட்டு வெளியிடப் போகிறேன். கேசட் கம்பெனிக்காரர் ஒருவர், புது ஆட்களின் பாட்டுகளைச் சேர்த்து ஒரு கேசட் போடுகிறார். ஆளுக்கு ஒன்றுதான். என்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டையும் இதோடு அனுப்பியிருக்கும் கேசட்டில் பதிந்திருக்கிறேன். முதலாவது மெதுவானது. ஒரு பெண் குரல், என் வயலின், அவ்வளவுதான். இரண்டாவது டிரம், கீபோர்டு எல்லாம் சேர்ந்து துள்ளிக்கொண்டு போகும். எதைக் கொடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள் கேட்கிறார்கள்.

உன் காதைத் தாண்டாமல் என் மெட்டு ஒன்றுகூட வெளியே போனதில்லை. அம்மா இறந்த வருஷம் நான் முதன்முதலாகக் கட்டிய பாட்டு உனக்கு நினைவிருக்கிறதா? நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாலாவது வரி பொய்" என்றாய். நான் சண்டைக்கு வந்தேன். "உனக்கு ஸ்வரமே தெரியாது, நீ என்ன சொல்றது?" என்றேன். "ஸ்வரம் எனக்கு எதுக்கு? மூணு வரி வரைக்கும் நீ ஏதோ சொல்ல வந்தே. நாலாவதுல சொல்ற மாதிரி நடிச்சே. குரல்ல தெரியாதா?" என்றாய். அழுதுகொண்டே அந்த வரியை மாற்றினேன். மாற்றிய பிறகுதான் அது பாட்டானது.

கேட்டுச் சொல், அக்கா.

உன் உடம்பு தேறிக்கொண்டே வரவேண்டும் என்ற ஒரே நினைப்போடு,
தம்பி

*

பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் இதை நம்பிவிட்டு மீதியைப் படி. போன வாரத்திலிருந்து ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருக்கு மறுபடி வேலைக்குப் போகிறேன். எழுதுகிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நீயே பார்க்கலாம். இடது கைக்குப் பொத்தான் போடத்தான் வரவில்லை. அதற்கு அத்தான் வருகிறார். பஸ் ஸ்டியரிங்கைத் திருப்புகிற கை, பொத்தானையும் அப்படியே திருப்புகிறது. இரண்டு சட்டையில் பிய்ந்துவிட்டது.

கேசட் வந்து சேர்ந்தது. நம் டேப்ரிக்கார்டர் சரியில்லை. அத்தான் அதைக் கழற்றி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டுவிட்டு எழுதுகிறேன். அவசரப்படுத்தாதே.

இன்னொன்று. மேல்வீட்டுக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட வேண்டாம். போன வாரம் நீ பேசியது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மாடிப்படி ஏறி இறங்குவதும் சிரமம். எதுவானாலும் எழுது. எழுத்தில் இருந்தால் நிதானமாகப் படித்துக்கொள்வேன்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? ஸ்டுடியோவில் வெறும் டீயாகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ நன்றாக இருந்தால் எனக்குப் பாதி நோய் போன மாதிரி.
அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி இருக்கிறது? டேப்ரிக்கார்டர் சரியாகிவிட்டதா? சரியாகாவிட்டால் சொல், இங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்புகிறேன். கம்பெனிக்காரர் எனக்காக இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்கிறார். அதற்கு மேல் முடியாதாம்.

பொறுக்கமாட்டாமல் மாஸ்டரிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். முதல் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை. "இந்த ரூம்ல பொறந்ததுல உருப்படின்னா இதுதான்" என்றார். இரண்டாவதைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். "பிளாஸ்டிக் பூ. தூசி தட்டினா போதும், வாடவே வாடாது. வாசனையும் வராது."

"ஜனங்களுக்குப் பிடிச்சா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும். அதுக்கென்ன? காய்ச்சல்கூடத்தான் ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்குத் தொத்துது. நல்லதுன்னு அர்த்தமா?"

இதையே கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, பாட்டு நல்லதா கெட்டதான்னு இதுவரைக்கும் ஒருத்தனும் தராசுல போட்டுப் பார்த்தது கிடையாது. அவனவன் நாக்குக்கு அவனவன் உப்பு. நான் பார்க்கிறது ஒண்ணுதான். கேட்டவன் மறுபடியும் போடச் சொல்றானா, இல்லையா?"

இரண்டு பேரும் சொல்வது அவரவர் வாயில் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரும் உன்னைப் போல் இல்லை. நான் உனக்காகக் காத்திருக்கிறேன்.

பதில் வரும் வரை தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி

*

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. அத்தானும் சுகம்.

இரண்டையும் கேட்டேன். ஒரு தடவை அல்ல, பல நாள் கேட்டேன். இரண்டாவதைக் கொடு. அதில் உயிர் இருக்கிறது. தாளம் நன்றாக எழுந்து நிற்கிறது. கேட்கிறவர்களைச் சும்மா உட்கார விடாது. முதல் பாட்டு கொஞ்சம் நீளம்.

அத்தானுக்கும் இரண்டாவதுதான் பிடித்தது.

குழப்பிக்கொள்ளாமல் வேலையைப் பார். வெயில் தொடங்கிவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

உன் நன்மையைத் தவிர வேறெதுவும் நினைக்காத,
அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சின்னதாக இருந்தது. களைப்பாக இருக்கிறதா? கைக்கு ஏதாவது பயிற்சி சொல்லியிருந்தால் விடாமல் செய்.

உண்மையைச் சொல்கிறேன், உன் பதிலை நான் இரண்டு தடவை படித்தேன். நீ முதலாவதைச் சொல்வாய் என்று நினைத்திருந்தேன். அல்லது இரண்டையும் குப்பையில் போடச் சொல்வாய் என்று. 'உயிர் இருக்கிறது' என்று நீ எழுதுவாய் என்று நினைக்கவே இல்லை. ரேடியோவில் யாராவது அப்படிச் சொன்னால், "செத்த பாட்டுன்னு எதையாவது காட்டச் சொல்லு" என்று சிரிப்பவள் நீ. ஆனால் யோசித்துப் பார்த்தேன். உன் காது எனக்கு ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் என் பாட்டின்மேல் ஆசை கண்ணை மறைக்கிறது என்று முடிவு செய்து இரண்டாவதைக் கொடுத்துவிட்டேன்.

மாஸ்டருக்குத் தெரிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டார். "யார் சொல்லி இந்தக் காரியம் பண்ணினே?"

"எங்க அக்கா."

"அவங்க என்ன வாசிப்பாங்க?"

"ஒண்ணும் வாசிக்க மாட்டாங்க. மருந்துக் கவுண்டர்ல இருக்காங்க."

குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "அப்ப இருமல் மருந்தைப் பத்தி மட்டும் அவங்களைக் கேளு" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அவங்க காதுல பாதி உங்களுக்கு இருந்திருந்தா நீங்க இந்நேரம் வேற இடத்துல இருந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கையால் வாசல் பக்கம் காட்டினார். வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டக்கூட இல்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருத்தமில்லை. ஒரு நாள் வெளியே வந்துதானே ஆகவேண்டும். பாட்டு அடுத்த மாதம் வருகிறது.

உன் சொல்லை நம்பி நிற்கும்,
தம்பி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன். மேல்வீட்டுக்குப் போன் செய்தால், நீ தூங்குகிறாய் என்கிறார்கள். எந்த நேரம் செய்தாலும் தூங்குகிறாய். என்மேல் என்ன கோபம்?

பாட்டு நீ சொன்ன மாதிரியே யாரையும் உட்கார விடவில்லை. முடிவெட்டும் கடையில், பஸ்ஸில், கட்டட வேலை நடக்கும் இடத்தில், எங்கே போனாலும் அதுதான். நேற்று என் தெருவில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற ஆள், பம்பை அழுத்துவதையே அந்தத் தாளத்தில்தான் செய்தார். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பாட்டு கேட்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துப் படிப்பேன். படித்துவிட்டு மறுபடி கேட்பேன். இப்போதெல்லாம் நீ சொன்ன உயிர் எனக்கும் கேட்கிறது. பழகிவிட்டதா, நிஜமாகவே இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனிக்காரர் அதே மாதிரி இன்னும் நாலு கேட்டார். பத்து நாளில் செய்து கொடுத்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் நான் எதையும் செய்தது கிடையாது. கேசட் அனுப்பியிருக்கிறேன். கேட்டுச் சொல்.

மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையாம். நுரையீரலில் என்னவோ. போய்ப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். வாசலைக் காட்டிய கை கண்ணுக்குள் நிற்கிறது. கொஞ்ச நாள் போகட்டும்.

ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.
தம்பி

*

செப்டம்பர் 9

அன்பு மாப்பிள்ளைக்கு,

நான் உங்கள் அத்தான். கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், டிப்போவில் விபத்து ரிப்போர்ட் எழுதுவதோடு சரி. அதே மாதிரி இதுவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை.

உங்கள் அக்காவுக்கு இதை எழுதுவது தெரியாது. தெரிந்தால் எழுத விடமாட்டாள். நீங்கள் கடிதத்துக்குமேல் கடிதம் போடுவதையும், அவள் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு மடித்து வைப்பதையும் என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் அக்காவுக்குப் பாட்டு கேட்பதில்லை. காது நன்றாக இருக்கிறது. அடுத்த அறையில் ஊசி விழுந்தாலும் என்னவென்று கேட்கிறாள். பாட்டு மட்டும் பாட்டாக விழவில்லை. டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். ரத்தம் கட்டிய இடத்தில், வலது பக்கத்தில், ஒரு துண்டு போய்விட்டதாம். சத்தத்தைச் சேர்த்து மெட்டாக்குகிற வேலை அங்கேதான் நடக்கிறதாம். திரும்பி வருமா என்று கேட்டேன். "எதிர்பார்க்காதீங்க" என்றார். குரலும் அப்படித்தான். நான் என்ன சொல்கிறேன் என்று புரிகிறது, கோபமாகச் சொல்கிறேனா கிண்டலாகச் சொல்கிறேனா என்று புரிவதில்லை. பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியாததால்தான் போன் பக்கமே போவதில்லை.

உங்கள் பாட்டை யார் தேர்ந்தெடுத்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்தான். எனக்கே தெரியாமல் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் கேசட்டைப் போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். முதல் பாட்டுக்கு நான் சும்மா இருந்தேன். இரண்டாவதற்கு என் விரல் மேஜையில் தட்டியிருக்கிறது. அதைத்தான் பார்த்திருக்கிறாள். எனக்கு என்ன தெரியும் மாப்பிள்ளை? இஞ்சின் சத்தத்துக்கும் தட்டுகிற விரல் இது.

இப்போது என் பஸ்ஸில் பயணிகள் தினமும் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், "இன்னிக்கும் போட்டாங்களா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

மருந்துக் கவுண்டரிலும் இப்போது இல்லை. பின்னால் மூட்டை பிரிக்கிற அறையில் இருக்கிறாள். அது ஏன் என்று அவளே சொல்லட்டும், நான் சொல்லமாட்டேன்.

வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்வது போல்தான் சொல்லத் தெரிகிறது. பார்த்து இருங்கள்.
அத்தான்

*

அக்டோபர் 4

அக்காவுக்கு,

அத்தான் எழுதியிருந்தார்.

'எனக்குக் கேட்கவில்லை.' இரண்டு வார்த்தை. இதை எழுத உனக்கு எட்டு மாதம் போதவில்லையா? எனக்குப் பிடித்த மாதிரி சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா உன்னிடம் கேட்டேன்?

நீ எழுதியதை வைத்து என் காதையே நான் திருத்திக்கொண்டேன். பிடிக்காததைப் பிடிக்க வைத்துக்கொண்டேன். இப்போது எது என் காது, எது உன் கடிதம் என்று எனக்கே தெரியவில்லை. நாலு பாட்டு செய்தேனே, அதில் ஒன்றாவது நான் செய்ததா?

மாஸ்டர் போன வாரம் இறந்துவிட்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. உன் காதில் பாதி அவருக்கு இல்லை என்று சொன்னேனே, அதுதான் அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு.

*

நவம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தில் உடம்பைப் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மாஸ்டர் வீட்டில் அவருடைய மனைவியைப் போய்ப் பார்த்தாயா?

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மன்னிப்பு கேட்பதற்காக அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பல நாள் வீட்டில் ரேடியோகூடப் போடவில்லை. சத்தம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் முதலில் போட்டது உன் கேசட்டைத்தான். தகரத்தைச் சிமெண்ட் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேலே ஒரு பெண் ஏதோ பட்டியல் வாசிப்பது போல வாசித்துக்கொண்டிருந்தாள். டேப் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். அத்தானைக் கூப்பிட்டு மெஷினைக் கழற்றித் துடைக்கச் சொன்னேன். பாவம், ஒரு மணி நேரம் துடைத்தார். மறுபடி போட்டோம். அதே தகரம். "இன்னும் சரியாகலையே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "நல்லாத்தானே பாடுது" என்றார்.

எனக்கு என்ன போய்விட்டது என்று உன் பாட்டு வந்துதான் எனக்குத் தெரிந்தது. அதை உனக்கே எப்படி எழுதுவது?

திரும்பி வரும் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் போட்டேன். சில நேரம் ஏதோ ஒரு இடத்தில் பிடிபடுகிற மாதிரி இருக்கும், கிட்டப் போனால் தகரம். மாத முடிவு தாண்டிவிட்டது. நீ காத்திருந்தாய். அம்மா போன பிறகு உனக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான். சோறு யார் வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். அது இல்லை என்று எழுதினால் நான் உனக்கு வெறும் அக்கா ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

கவுண்டரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஒரு பெரியவர் தூக்க மாத்திரை வாங்க வந்தார். மாதாமாதம் வருகிறவர்தான். "இதை மொத்தமா முழுங்கிட்டா நிம்மதியா தூங்கலாம், இல்லம்மா?" என்றார். கவுண்டரில் இப்படிப் பேசாத ஆளில்லை. முன்பெல்லாம் யார் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், யார் நிஜமாகச் சொல்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். பாட்டில் நாலாவது வரி தெரிந்த மாதிரி தெரியும். அன்றைக்கு வார்த்தைகள் மட்டும் வந்தன. கூட்டம் வேறு. முகத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு, "ஒண்ணே போதும் ஐயா, நல்லா தூங்குவீங்க" என்று சிரித்தேன்.

அவருடைய மகள் அப்புறம் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. "அப்பா கடைசியா இங்கதான் பேசியிருக்கார். எப்படிப் பேசினார்?" என்று கேட்டாள். அவர் சொன்ன வார்த்தைகளை என்னால் சொல்ல முடிந்தது. எப்படிச் சொன்னார் என்பதைச் சொல்ல முடியவில்லை. அவள் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் நானே கேட்டு உள் அறைக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே அட்டைப்பெட்டிகளோடுதான் பேச்சு.

அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் பாட்டையும் அப்படித்தான் அனுப்பிவைத்தேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நீ அனுப்பிய நாலு பாட்டையும் கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை அத்தானை எதிரே உட்கார வைக்கவில்லை.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும்,
அக்கா

*

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு என்னைத் திட்டு. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பெரியவரின் மகள் எதிரே வந்து நின்றாள். கை எப்படி இருக்கிறது? தூங்குகிறாயா?

என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நாலு பாட்டும் படுத்துவிட்டன. கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை. பழைய பாட்டையும் இப்போது யாரும் போடச் சொல்வதில்லை. எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூலையில் நின்று வயலின் வாசிக்கிறேன். ஸ்பூன் சத்தத்துக்குக் கீழேயே வாசிக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு.

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்து, "வா" என்றார். மாஸ்டருக்காக ஒரு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பழைய குழு எல்லாம் வந்தது. என்னை ஏதாவது வாசிக்கச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்த அந்த முதல் பாட்டையே வாசிக்கலாம் என்று எடுத்தேன். அவரிடம் கேட்க முடியாத மன்னிப்பை இப்படியாவது கேட்கலாம் என்று நினைப்பு.

நடுப்பகுதிக்கு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அக்கா. அது என்னுடையது இல்லை. அவருடையது. அவருடைய பழைய படம் ஒன்றில் இதே திருப்பம், இதே இழுப்பு. வருஷக்கணக்காக அவர் மெட்டுகளை எழுதி எழுதி என் விரலில் ஊறிப்போனதை நான் சொந்தம் என்று நினைத்துப் போட்டிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக் கேட்டது என் பாட்டை அல்ல. தன்னைத்தான் கேட்டிருக்கிறார். அவருக்கும் அது தெரிந்திருக்காது. எப்படியோ வாசித்து முடித்தேன். "மாஸ்டரே வந்த மாதிரி இருந்துச்சு" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். நல்லது வேறு, பிடித்தது வேறு என்றார் மாஸ்டர். அவருக்குப் பிடித்தது அவருடைய சாயல். இரண்டும் ஒன்றுதான் என்றார் கம்பெனிக்காரர். அவருடைய ஜனங்களுக்குப் பிடித்தது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அத்தான் ஒருவர்தான் நேர்மையாக விரலைத் தட்டினார். நீ என்னிடம் ஒருநாளும், எனக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொன்னதே இல்லை. இது பொய், இது நிஜம் என்று மட்டும்தான் சொன்னாய். முன்பிருந்த நீயாக இருந்தால் அந்த நடுப்பகுதி வந்ததுமே பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இங்க வேற யாரோ வந்துட்டாங்க" என்றிருப்பாய். இரண்டு பாட்டையும் திருப்பி அனுப்பியிருப்பாய். நான் அழுதிருப்பேன். மூன்றாவதாக ஒன்று பிறந்திருக்கும்.

உன் பதிலுக்காக நான் கோபப்பட்டது முட்டாள்தனம். எனக்கு இருந்த ஒரே காது, உன் காது, போய்விட்டது, அதற்கு அழாமல் உன்னிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது எதையும் கட்டுவதில்லை. கட்டினாலும் அது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த மாதம் ஹோட்டலில் இரண்டு நாள் லீவு தருகிறார்கள். வருகிறேன். வயலின் எடுத்துவரமாட்டேன். சும்மா உட்கார்ந்து பேசலாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு.

உன்னைப் பார்க்கப் போகிற நாளை எதிர்பார்த்து,
தம்பி

*

பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? நீ இளைத்துத்தான் இருக்கிறாய், இல்லை என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

நீ வந்து போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. இரண்டு நாளும் நீ பேசியதை ஒன்றுவிடாமல் நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவைப் பற்றி நாம் அவ்வளவு பேசியதே இல்லை. நடுவில் ஒரு தடவை நீ சொன்னதற்கு நான் சிரித்துவிட்டேன், அது சிரிக்கிற பேச்சு இல்லை என்று உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீ எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாய்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது நாள் காலை நீ குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தாய். நான் அடுப்பருகில் நின்றிருந்தேன். ஒரே சீராக ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. "என்னங்க, தண்ணி மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு பாருங்க. தொட்டி வழியப் போகுது, நிறுத்துங்க" என்று அத்தானிடம் கத்தினேன். சத்தம் நின்றுவிட்டது. நீ ஈர முகத்தோடு வெளியே வந்தாய். டீ நன்றாக இருக்கிறது என்றாய். அப்புறம் ரயிலுக்குக் கிளம்பும்வரை நீ அதிகம் பேசவில்லை. ஊருக்குப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

நேற்று நிஜமாகவே மோட்டார் ஓடியது. அன்று கேட்டது இது மாதிரி இல்லையே என்று அத்தானிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அன்னிக்குக் காலையில கரண்டே இல்ல" என்றார்.

"அப்ப அது என்ன?"

"உன் தம்பி. மழிச்சுக்கிட்டே ஏதோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தார்."

பழைய பாட்டா, புதுசா என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுவரை கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார்.

நல்லா இருந்ததா என்று கேட்டேன்.

"எங்கே கேட்க விட்டே?" என்றார்.

அக்கா